பொதுமக்கள் திரையில் மூன்று டொல்பின்கள்

கரையோர மக்கள் வசதி நிலையத்தில் ஒரு கணினிக்கு இரண்டு திரைகள் பூட்டப்பட்டது யுத்தம் முடிந்து ஐந்தாவது வருடத்தில். அதற்கு முன்பு அங்கே ஒரு கணினிக்கு ஒரு திரைதான் இருந்தது. அந்த இருண்ட காலத்தில் மூன்றாம் கருமபீடத்தில் இருந்த மாக்கிறட் மிஸ், வந்தவரின் பெயரைக் கேட்டு, கிராம உத்தியோகத்தரான விதானையின் கடிதத்தைப் பார்த்துத் தட்டி, வதிவிட அத்தாட்சியை ஐந்து நிமிடத்தில் அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். வந்தவரும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இதில் வெளிப்படைத்தன்மை எங்கே இருக்கிறது என்று மேலிடத்தில் யாரோ பெரியவர் ஒருவர் கேட்டாராம். ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் தெரியாத இடத்தில் வழக்கமாக வருவதுபோல ஒரு திட்டம் வந்தது.

திட்டத்தின் பெயர் இரட்டைத் திரைத் திட்டம். ஒரு திரை உத்தியோகத்தரைப் பார்த்திருக்கும். மற்றத் திரை கம்பிக்கு வெளியே நிற்கும் பொதுமக்களைப் பார்த்திருக்கும். உத்தியோகத்தர் தட்டியதை அப்படியே பொதுமக்கள் திரைக்கு இழுத்துவிட, விண்ணப்பதாரர் தன் கண்ணாலேயே வாசித்து, சரியென்று ஒப்பமிட வேண்டும். அதன் பிறகுதான் அச்சு இயந்திரம் அசையலாம். இதற்கென்று பதினேழு பந்திகளில் ஒரு சுற்றறிக்கை, மூன்று மொழியிலும் ஒரே அளவு விளங்காதபடி வந்து சேர்ந்தது. கணினிக்குள் போட்டிருந்தது லினக்ஸ் என்ற இலவச மென்பொருள்.

திறப்பு விழாவுக்குப் பொதுமக்கள் தேவைப்பட்டார்கள். பணிப்பாளர் நெய்னார் சேர் வாசலில் நின்று, வீதியால் போனவர்களை மறித்து மறித்துப் பொதுமக்களாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். உப்பளத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மஸாஹிரும் சைக்கிளோடு அகப்பட்டார். அவரை முன்வரிசைக் கதிரையில் இருத்தி, தின்னக் கையில் ஒரு பட்டிஸும் கொடுத்தார்கள். மேசையின் நடுவில் உத்தியோகத்தர் திரை. வலப்பக்கத்தில் ஆளுயரக் குத்துவிளக்கு. விளக்கின் எண்ணெய் தெறிக்கும் என்று பொதுமக்கள் திரையை இடப்பக்கத்தில் வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த தொழினுட்பவியலாளர் எல்லாவற்றையும் பூட்டி, கணினிக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்து, யாரும் கைவைக்காதபடி ஒரு கடவுச்சொல்லையும் போட்டார். பகல் சாப்பாட்டை முடித்து, கடவுச்சொல்லைத் தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்.

நெய்னார் சேர் விளக்கேற்றிவிட்டுப் பேசினார்.

"நமது நிலையத்தில் இனி எதுவும் மறைவாக நடக்காது. இதுவரை நாங்கள் என்ன செய்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. இன்றிலிருந்து இரு தரப்பாரும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். மஸாஹிரும் பட்டிஸை மடியில் வைத்துவிட்டுத் தட்டினார். கூட்டம் கலைந்ததும் விளக்கைக் களஞ்சிய அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வரிசை நிற்கும் கம்பி வலப்பக்கம் இருந்ததால், "நானா, இந்த ஸ்கிரீனக் கொஞ்சம் அந்தப் பக்கம் தூக்கி வையுங்க" என்று மஸாஹிரை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னார் நெய்னார் சேர். மஸாஹிர் வயர் அறுந்துவிடாமல் திரையைத் தூக்கி, விளக்கு இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையின் மேலேயே வைத்தார். அரசாங்கத்துக்கு இவ்வளவு கிட்ட அவர் அதற்கு முன் போனதில்லை. அன்றைக்குப் பாதி நாள் சம்பளம் போனாலும் மனம் நிறைந்துதான் வீட்டுக்குப் போனார்.

மூன்று மாதம் கழித்து அதே கருமபீடத்துக்கு அவரே ஒரு வேலையாக வரவேண்டியிருந்தது. மகள் முஃப்லிஹாவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகக் கடிதம் வந்திருந்தது. இருபத்துநாலாம் திகதி, திங்கட்கிழமை, சிலாபத்தில். புத்தளம் மாவட்டத்தில் நிரந்தரமாக வதிகிறார் என்ற அத்தாட்சியைக் கொண்டுவராதவர்கள் கருத்தில் எடுக்கப்படமாட்டார்கள் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. 

முஃப்லிஹா பிறந்தது புத்தளத்தில். படித்தது, நோயில் கிடந்தது, பரீட்சை எழுதியது எல்லாம் புத்தளத்தில். ஆனால் வாப்பா மஸாஹிரின் ஊர் மன்னார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது ஒரு பையோடு வள்ளத்தில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கியவர். யுத்தம் முடிந்ததும் ஒருமுறை மன்னாருக்குப் போய்ப் பார்த்தார். வளவில் காடு வளர்ந்திருந்தது, கந்தோரில் அவரைப் புத்தளத்தார் என்றார்கள். திரும்பி வந்தால் இங்கே சங்கக்கடை வரிசையில் மன்னாரார் என்றார்கள். இருபத்துநாலு வருடமாக இந்த ஊர் உப்பை வாரியும் இந்த ஊர் ஆள் ஆகவில்லை என்ற கோபம் அவருக்குள் எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியாது.

அத்தாட்சி குடும்பத் தலைவரின் பெயரில்தான் எழுதப்படும் என்பதால், ஐந்தாம் திகதி புதன்கிழமை, விதானையின் கடிதத்தோடு மூன்றாம் கருமபீடத்தில் நின்றார். மாக்கிறட் மிஸ் சிலாபத்துக்காரி. கை படபடவென்று ஓடியது.

"ஆயிட்டு நானா. இப்ப உங்கட ஸ்கிரீனப் பாருங்க. எல்லாம் சரியா எண்டு சொல்லுங்க."

மஸாஹிர் பார்த்தார். நீலக் கடலில் மூன்று டொல்பின்கள் பாய்ந்துகொண்டிருந்தன. உல்லாசப் பயணிகளுக்காக எடுத்த அழகான படம்.

"மூணு டொல்பின் பாயுது மிஸ்."

"உங்கட பேர் தெரியுதா?"

"இல்ல."

"விலாசம்?"

"கடல்தான் தெரியுது."

மாக்கிறட் மிஸ் பெருமூச்சு விட்டார். கடிதத்தை மவுஸால் பிடித்து, பொதுமக்கள் திரை நிற்கும் வலப்பக்கமாக இழுத்தார். அம்புக்குறி தன் திரையின் விளிம்பு வரைக்கும் போய் அங்கேயே நின்றது. இன்னும் தள்ளினார். மவுஸ் மேசையிலிருந்து விழப் பார்த்ததே தவிர, அம்புக்குறி அசையவில்லை.

"மூணு மாசமா இதே கதைதான். சுவர்ல முட்டுற மாதிரி முட்டிட்டு நிக்கிது."

"உங்கட ஸ்கிரீன்ல என்ட கடிதம் இருக்குதானே மிஸ்? நான் அந்தப் பக்கம் வந்து பாத்துட்டுச் சொல்றனே."

மாக்கிறட் மிஸ் நிலத்தில் கீறியிருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினார். உத்தியோகத்தர் திரையைப் பொதுமக்கள் பார்ப்பது ஏழாம் பந்தியின்படி குற்றம்.

"அப்ப நீங்க வாசிச்சுக் காட்டுங்க."

"எட்டாம் பந்தி. கேட்டது வாசிச்சதாகாது." அவருக்கே அது வெட்கமாக இருந்திருக்க வேண்டும்; குரலைத் தாழ்த்தினார். "அடுத்த புதன் வந்து பாருங்க நானா. பீற்றர் சேர் வருவார்."

பீற்றர் என்பவர் ஆறு கந்தோர்களுக்கு ஒரே தொழினுட்ப உத்தியோகத்தர். பன்னிரண்டாம் திகதி காலை எட்டரைக்கே மஸாஹிர் போய்விட்டார். பீற்றரும் வந்தார். நல்ல மனிதர், பாவம். முதலில் வயரைக் கழற்றிப் பூட்டி, நன்றாக இருக்கிறது என்று ஒரு படிவத்தில் எழுதினார். பிறகு திரையைச் சோதித்தார். டொல்பின்கள் தெளிவாகத் தெரிந்ததால் அதுவும் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு படிவத்தில் எழுதினார். பிறகு கணினிப் பெட்டி. அதுவும் நன்றாக இருந்தது. மூன்று சாமான்களும் தனித்தனியே நன்றாக இருப்பதாக மூன்று படிவங்கள் நிரம்பிய பிறகும் கடலில் டொல்பின்கள்தான் பாய்ந்துகொண்டிருந்தன.

"இனி இன்டர்நெட்தான் தஞ்சம்," என்று பீற்றர் சட்டைப்பையிலிருந்து ஒரு கற்றைக் கடதாசியை எடுத்தார். "பிரேசில்ல ஒருத்தனுக்கு இதே பிரச்சினை வந்திருக்கு நானா. நாலு வருசத்துக்கு முந்தி. ரெண்டு பக்கத்துக்கு அழுது அழுது எழுதியிருக்கான். கடைசியில 'சரி வந்துட்டு, எல்லாருக்கும் நன்றி' எண்டு போட்டிருக்கான். எப்பிடிச் சரி வந்த எண்டு மட்டும் எழுதல்ல."

"அவனக் கேக்க ஏலாதா?"

"நானும் கேட்டுப் பாத்தன். என்னப்போல நாப்பது பேர் கேட்டிருக்காங்க."

பீற்றர் உத்தியோகத்தர் திரையில் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து, கடதாசியில் இருந்த நீள நீளமான கட்டளைகளை எழுத்து எழுத்தாகத் தட்டினார். முதல் கட்டளைக்குப் பொதுமக்கள் திரை இருண்டது. இரண்டாவதுக்கு டொல்பின்கள் குத்தென்று நிமிர்ந்து நின்றன. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தலையைச் சரித்துப் பார்த்தார்கள். மூன்றாவதுக்கு எழுத்துகள் எறும்பளவாகின. தட்டிக்கொண்டே பீற்றர் விளக்கமும் சொன்னார்.

"ரெண்டு ஸ்கிரீன் இருந்தா ஒண்டு முதன்மை, மத்தது துணை. எது எது எண்டு இதுக்குச் சரியாச் சொல்லணும். சொல்லாட்டி அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாமத் தடுமாறும்."

மஸாஹிருக்கு அந்தக் கணினியின் மேல் முதல்தடவையாக இரக்கம் வந்தது.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு, பதினோராவது கட்டளையில், டொல்பின்களின் மேல் வெள்ளையாக ஒரு சதுரம் வந்து விழுந்தது. அதில் மஸாஹிர் என்று எழுதியிருந்தது. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். மஸாஹிர் ஒவ்வோர் எழுத்தாக வாசித்து, சரி என்று சொல்லி, ஒப்பமும் போட்டார். இனிப் பணிப்பாளரும் அதே திரையைப் பார்த்துச் சாட்சி ஒப்பம் போட்டால் போதும். பணிப்பாளர் தேநீருக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருமுன் பத்து மணி அடித்தது. மின்சாரச் சிக்கனச் சுற்றறிக்கையின்படி தேநீர் நேரத்தில் கணினிகளை அணைத்து வைக்க வேண்டும். மாக்கிறட் மிஸ் ஒருமுறை மஸாஹிரைப் பார்த்தார், ஒருமுறை சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் பார்த்தார், அணைத்தார்.

பத்தேகாலுக்குக் கணினியைத் திரும்ப இயக்கியபோது டொல்பின்கள் திரும்ப வந்திருந்தன.

"அந்தப் பதினோராவதத் திருப்பி அடியுங்களன் சேர்," என்றார் மஸாஹிர். அவருடைய குரல் அவருக்கே அழுகிற குரலாகக் கேட்டது.

பீற்றர் அடித்தார். ஒன்றும் வரவில்லை. "பதினொண்டும் சேர்ந்து செய்ததா, எட்டாவது மட்டும் செய்ததா எண்டு எனக்குத் தெரியாது. எப்பிடியும் அணைச்சா அழிஞ்சிரும் நானா. நிரந்தரமாப் பதியக் கடவுச்சொல் வேணும். அது கொழும்புல." பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்து, தேநீர் முடித்து வந்த நெய்னார் சேரிடம் சொன்னார். "சேர், ரெண்டு ஸ்கிரீனிலயும் ஒரே விசயம் தெரியுற மாதிரி ஒரு வழி இருக்கு. ஒரு பட்டன்தான். மிஸ் பாக்கிறத நானாவும் பாப்பார். விசயம் முடிஞ்சுது."

நெய்னார் சேர் கதிரையில் சாய்ந்தார். எதையும் நிதானமாகச் சிந்திப்பவர் அவர்.

"பீற்றர், நாங்க வாங்கினது ரெண்டு ஸ்கிரீன். ரெண்டும் ஒண்டையே காட்டினா, ஒண்டு காட்டுறதுக்கு ஏன் ரெண்டு வாங்கின எண்டு கணக்காய்வில கேப்பாங்க. ரெண்டு ஸ்கிரீன் ரெண்டு வேலை செய்யணும். இல்லாட்டி ஒரு வேலையும் செய்யாம இருக்கணும். அதுக்குக் காரணம் எழுத ஏலும்."

"இது லினக்ஸ் சேர், கொஞ்சம் பொறுமையாத்தான்…"

"அதுவும் ஒரு பிரச்சினை. காசு குடுத்து வாங்கியிருந்தா வித்தவனுக்கு ஒரு கடிதம் போடலாம். இது இலவசம். யாருக்குக் கடிதம் போடுறது? கடிதம் போட ஆளில்லாத சாமான வச்சி ஒரு கந்தோர் எப்பிடி நடத்துறது?"

மஸாஹிருக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மகளின் முகம் கண்ணில் நின்றது. உப்பளத்து ஆள் அவர். ஒரு பாத்தியில் தண்ணீர் வராவிட்டால் மற்றப் பாத்தி வரம்பை வெட்டிவிடுவது பழக்கம். "சேர், பொதுமக்கள் ஸ்கிரீன் வேலை செய்யாட்டி, மிஸ்ஸுட ஸ்கிரீன எங்கட பக்கம் திருப்பி வச்சா என்ன?"

சுற்றறிக்கையைப் புரட்டினார்கள். திருப்பக் கூடாது என்று எங்கும் இல்லை. திருப்பினார்கள். இப்போது அந்தத் திரை பொதுமக்கள் திரையாகிவிட்டதால், தான் தட்டுவதைப் பார்க்க மாக்கிறட் மிஸ் கம்பிக்கு வெளியே வரவேண்டியிருந்தது. வெளியே வந்தவர் பொதுமக்கள் என்பதால் அவரும் இலக்கம் எடுக்க வேண்டும் என்றார் நெய்னார் சேர். மாக்கிறட் மிஸ்ஸுக்கு நாற்பத்தோராம் இலக்கம் கிடைத்தது. ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்றார். அதற்குப் பிறகும் முறை வரவில்லை, ஏனென்றால் இலக்கம் கூப்பிட உள்ளே யாரும் இல்லை. பின்னேரம் திரையைப் பழையபடி திருப்பி வைத்தார்கள்.

அன்று வீட்டில் மனைவி ஸக்கியா சோற்றைப் போட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முஃப்லிஹாதான் கேட்டாள்.

"வாப்பா, அந்த ஸ்கிரீன்ல என்னதான் தெரியுது?"

"டொல்பின், மகள்."

"இருவது வருசம் இங்க இருந்தும் கடலச் சரியெண்டு சொல்லியா நான் டீச்சராகணும்?" என்று சொல்லி எழும்பி உள்ளே போய்விட்டாள். மஸாஹிர் சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்தார். அந்த நாற்பது பேரோடு தானும் சேர்ந்து பிரேசில்காரனை மனதுக்குள் ஏசினார்.

பத்தொன்பதாம் திகதி, மூன்றாவது புதன், அவர் சாப்பாட்டுப் பார்சலோடு போனார். கொடுத்தால் ஒழிய இன்று நகர்வதில்லை என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கந்தோருக்குள் சத்தம் போட்டார்.

"திங்கக்கிழம என்ட மகளுக்கு நேர்முகம். கடிதம் அந்தா அந்த ஸ்கிரீன்ல இருக்கு. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பாயிற டொல்பினுக்கும் தெரியும். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

நெய்னார் சேர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கோபப்படவில்லை, முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது.

"இதத்தான் நானும் தேடிட்டு இருந்தன்," என்றார். "இரண்டாந் திரை ஆராய்வுக் குழு எண்டு ஒண்டு அமைக்கச் சொல்லி மேலிடத்துக் கட்டளை. பொதுமக்கள்ல ஒருத்தர் வேணும். உணர்வுள்ள ஆளா இருக்கணும். நானா, உங்களப் போட்டுட்டன்."

"சேர், எனக்கு அத்தாட்சிதான் வேணும்."

"அதுல இப்ப ஒரு சிக்கல் வந்துட்டுது. குழு உறுப்பினர் தான் ஆராயிற கருமபீடத்தில பயன்பெற ஏலாது. பக்கச்சார்பாப் போயிரும். ஆனபடியா உங்கட விண்ணப்பத்த நிறுத்தி வைக்கிறம். குழு அறிக்கை குடுத்து ஒரு வருசம் போன பிறகு புதுசா விண்ணப்பிக்கலாம்."

"அப்ப என்னக் குழுவில போட வேணாம்."

"போட்டாச்சே. பேர் மேல போயிட்டு. போன பேரத் திருப்பி எடுக்க ஒரு குழு வேணும்."

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது. மஸாஹிர் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முஃப்லிஹா நேர்முகத்துக்கென்று தைத்த சட்டையை மடித்து அலுமாரிக்குள் வைத்ததைக் கண்டும் காணாததுபோல இருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது நிலையத்தின் பியோன் வாசலில் நின்றான். நீள உறையில் அரசாங்க முத்திரை. முஃப்லிஹாதான் உடைத்து வாசித்தாள்.

"புத்தளம் மாவட்டத்தில் இருபத்துநான்கு வருடங்களாகக் குடும்பத்துடன் நிரந்தரமாக வதிபவரும், இப்பிரதேசத்தின் நன்மதிப்புக்குரிய பொதுமகனுமாகிய ஜனாப் மஸாஹிர் அவர்களை, அவரது வதிவிடம் இத்தால் உறுதிப்படுத்தப்படுவதால், இரண்டாந் திரை ஆராய்வுக் குழுவின் பொதுமக்கள் உறுப்பினராக நியமிக்கிறேன்."

கீழே நெய்னார் சேரின் ஒப்பம், நீல மையில், பணிப்பாளரின் வட்ட முத்திரையோடு. குழுவில் இருப்பவர் மாவட்டத்தில் நிரந்தரமாக வதிபவராக இருக்க வேண்டுமென்பது விதி. அதனால் யாரும் கேட்காமல், எந்தத் திரையிலும் காட்டாமல், ஒருவரும் வாசித்துச் சரியென்று சொல்லாமல் உறுதிப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

முஃப்லிஹா திரும்பவும் வாசித்தாள். "வாப்பா, குடும்பத்துடன் எண்டு போட்டிருக்கு."

மஸாஹிர் கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தடவிப் பார்த்தார். சந்தோசம் வரும் என்றுதான் நினைத்தார். வந்தது ஆத்திரம். இருபத்துநாலு வருடமாக அவர் கேட்டுத் திரிந்த ஒரு வரி, ஒரு திரை பழுதானதால் கிடைத்திருக்கிறது. இவர்களுக்கு ஒரு குழு தேவைப்படாமல் இருந்திருந்தால் தான் யார் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை சிலாபத்தில் அந்தக் கடிதத்தை மேசைக்கு மேசை காட்டினார்கள். வட்ட முத்திரையைக் கண்டதும் ஒருவரும் எதிர்ப் பேச்சுப் பேசவில்லை. முஃப்லிஹாவுக்கு இடம் கிடைத்தது. கடைசி மேசையில் இருந்த லிகிதர் மட்டும் கடிதத்தின் அடிப்பந்தியில் பேனையை வைத்தார்.

"இந்த நியமனம் குழு அறிக்கை சமர்ப்பிக்கும் வரை மட்டும் வலுவில் இருக்கும் எண்டு போட்டிருக்கு. அறிக்கை குடுத்தா இது செல்லாது. அப்பிடி நடந்தா ஒரு கிழமைக்குள்ள வேற அத்தாட்சி தரணும். இல்லாட்டி பிள்ளையப் பயிற்சியால நிப்பாட்ட வேண்டி வரும். மூணு வருசப் பயிற்சி. கவனமாப் பாத்துக்கொள்ளுங்க."

"அறிக்கை லேசுல வராது," என்றார் மஸாஹிர். நெய்னார் சேரை நம்பித்தான் சொன்னார்.

அந்த வாரப் புதன்கிழமை குழுவின் முதல் கூட்டம். மஸாஹிர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி, உத்தியோகத்தர் பக்கம் போனார். ஒருவரும் தடுக்கவில்லை. குழுவுக்குப் பெயர்ப்பலகை எந்த நிறத்தில் என்று பதினொரு மணிவரை ஆராய்ந்தார்கள். பிறகு நெய்னார் சேரும் பீற்றரும் அறைக்குள் பட்டிஸ் சாப்பிடப் போனார்கள். மாக்கிறட் மிஸ் அவருக்குப் பிளேன்ரீ எடுத்துவரப் போனார். முதல் கூட்டத்தன்று மட்டும் கணினியை அணைக்காமல் வைக்க விசேட அனுமதி எடுத்திருந்தார்கள். ஆராயப்படும் பொருள் கண்முன் இருக்க வேண்டுமாம்.

கதிரையில் தனியே இருந்த மஸாஹிர், சும்மா மவுஸில் கையை வைத்தார். வலப்பக்கம் தள்ளினார். அம்புக்குறி விளிம்பில் முட்டி நின்றது. அப்போதுதான் பொதுமக்கள் திரைக்குக் கீழே காய்ந்து போயிருந்த எண்ணெய்க் கறை கண்ணில் பட்டது.

விளக்கு இங்கேதான் இருந்தது. இந்தத் திரை அந்தப் பக்கம், இடப்பக்கம் இருந்தது. அதைத் தூக்கி இங்கே வைத்தது அவருடைய இதே இரண்டு கைகள். தூக்கி வைத்ததைக் கணினிக்கு யாரும் சொல்லவில்லை. அது இன்னும் பழைய இடத்தில்தான் தன் மற்றத் திரை இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது.

மஸாஹிர் மவுஸை மெதுவாக இடப்பக்கம், வெறும் சுவர் இருந்த பக்கம், தள்ளினார். அம்புக்குறி இடது விளிம்பில் மறைந்தது; எட்டிப் பார்த்தால், வலப்பக்கத்துத் திரையில் டொல்பின்களுக்கு நடுவில் முளைத்திருந்தது. மாக்கிறட் மிஸ் அரைகுறையில் விட்டுப்போன கடிதம் ஒன்று கிடந்தது. அதைப் பிடித்து அதே வழியில் இழுத்தார். கடிதம் வழுக்கிக்கொண்டு போய்ப் பொதுமக்கள் திரையில் விழுந்தது. பதினொரு கட்டளையும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

கம்பிக்கு வெளியே ஒரு பெண் குரல் கேட்டது.

"நானா, என்ட பேர் வருது. அஸீஸா, குறிஞ்சிப்பிட்டி. ஓம், இது நான்தான்."

கையில் விதானையின் கடிதத்தோடு, இடுப்பில் தூங்குகிற பிள்ளையோடு ஒருத்தி நின்றாள். "மூத்தவன ஸ்கூல்ல சேர்க்க நாலு புதனா அலையிறன். எல்லாம் சரியா இருக்கு நானா. எங்க ஒப்பம் வைக்கிற?"

மஸாஹிர் அவளைப் பார்த்தார். அறைக்குள் கதிரை பின்னால் நகரும் சத்தம் கேட்டது. திரை வேலை செய்கிறது என்று நெய்னார் சேர் கண்டால் ஆராய ஒன்றும் இல்லை. ஆராய ஒன்றும் இல்லாவிட்டால் இன்றைக்கே அறிக்கை. அறிக்கை போனால் அந்தக் கடிதம் வெறும் கடதாசி. அவரும் குடும்பமும் ஒரு வருடத்துக்கு எந்த ஊராரும் இல்லை. அலுமாரியில் மடித்து வைத்த சட்டை ஞாபகம் வந்தது. அவர் மவுஸை வலப்பக்கம் இழுத்தார். அஸீஸாவின் பெயர் திரையிலிருந்து நழுவி மறைந்தது. டொல்பின்கள் பாய்ந்தன.

"என்ன சத்தம்?" நெய்னார் சேர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ட பேர் வந்திச்சி சேர். என்ட கண்ணால கண்டன். இந்த நானாதான் கொண்டு வந்த."

நெய்னார் சேரும், பின்னால் பீற்றரும், பிளேன்ரீயோடு மாக்கிறட் மிஸ்ஸும் மஸாஹிரைப் பார்த்தார்கள். மாக்கிறட் மிஸ்ஸின் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவர் மேசையைப் பார்த்தார்.

"டொல்பின்தான் சேர் தெரியுது," என்றார். "இன்னும் நல்லா ஆராயணும்."

நெய்னார் சேர் அவருடைய தோளில் கையை வைத்தார். "பொதுமக்கள் பிரதிநிதி எண்டா இப்பிடித்தான் இருக்கணும். அவசரப்பட்டு ஒண்டையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பீற்றர், இதக் குறிப்பில எழுதுங்க."

அஸீஸா இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். அவளுக்கு ஆத்திரம் வரவில்லை. அதுதான் மஸாஹிருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அப்ப எப்ப நானா சரிவரும்?"

மஸாஹிர் பிளேன்ரீயைக் கையில் எடுத்தார். ஆறிப்போயிருந்தது.

"அடுத்த புதன் வந்து பாருங்க," என்றார்.